காதை முழுதும் மூடும் ஹெட்போன்: வரலாறும் தேர்வும்

காதை முழுதும் மூடும் ஹெட்போன் என்பது, தலைக்கு மேலாக வளைந்து செல்லும் பட்டையின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற இரு ஒலிக்கருவிகளைக் கொண்ட கேட்புக் கருவியாகும். இதன் மெத்தைகள் காது மடலை அழுத்தாமல், மடலைச் சுற்றியுள்ள தலைப்பகுதியில் படியும். மடலின் மேலேயே அமரும் சிறிய வகை ஹெட்போனும், காதுத் துளைக்குள் செருகும் இயர்போனும் இதிலிருந்து வேறானவை.

இன்று ஒரு கடையின் ஒரே அலமாரியில் மூடிய ஹெட்போன், திறந்த ஹெட்போன், கம்பியுள்ளது, கம்பியில்லாதது, இரைச்சலை நீக்குவது, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உரியது எனப் பல வகைகள் அருகருகே கிடக்கின்றன. விலை ஆயிரம் ரூபாய்க்குள்ளும் உண்டு, இலட்சத்துக்கு மேலும் உண்டு. இவ்வளவு வகைகளும் ஒரே நோக்கத்துக்காகத் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட மனிதரின் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்தவர், கப்பலில் கம்பியில்லாத் தந்தியைக் கேட்டவர், வீட்டில் இசைத்தட்டு கேட்டவர், விமானத்தில் பயணித்தவர் ஆகியோரின் தேவைகளே இக்கருவிக்கு வடிவம் கொடுத்தன. அந்த வரலாற்றை அறிந்தவருக்குத் தம் தேவைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிறது.

தொலைபேசி நிலையத்தில் தொடக்கம்

ஹெட்போனின் முன்னோடி தொலைபேசியின் கேட்பி ஆகும். 1870-களின் இறுதியில் தொலைபேசி நிலையங்கள் பெருகியபோது, இணைப்பு கொடுக்கும் பணியாளர் ஒரு கையில் கேட்பியைக் காதோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் செருகிகளை மாற்ற வேண்டியிருந்தது. இரு கைகளும் தேவைப்பட்ட வேலை அது. 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எஸ்ரா கில்லிலண்ட், கேட்பியையும் பேச்சுக் கருவியையும் தோளில் தாங்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார். இது ஒரு காதுக்கு மட்டுமே உரியதாகவும் கனமானதாகவும் இருந்தது. ஆயினும் கைகளை விடுவித்துவிட்டுக் கேட்பது என்ற எண்ணம் இதிலிருந்து தொடங்கியது. தொலைபேசி நிலையப் பலகைகளில் பயன்பட்ட கால் அங்குலச் செருகியின் வழிவந்ததே இன்றும் ஒலிப்பதிவுக் கூட ஹெட்போன்களில் உள்ள 6.35 மில்லிமீட்டர் செருகி. கைப்பேசிகளில் நாம் கண்ட 3.5 மில்லிமீட்டர் செருகி அதன் சிறிய வடிவம்.

இசை கேட்பதற்கான பயன்பாடும் ஏறத்தாழ இதே காலத்தில் தோன்றியது. 1881-இல் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமென்ட் அடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸ் ஆப்பரா அரங்கின் நிகழ்ச்சியைத் தொலைபேசிக் கம்பி வழியே கண்காட்சிக்கு வந்தவர்களுக்குக் கேட்கச் செய்தார். மேடையின் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்ட ஒலிவாங்கிகளிலிருந்து இரண்டு கேட்பிகளுக்கு ஒலி வந்தது. இரு காதுகளிலும் ஒவ்வொன்றை வைத்துக் கேட்டவர்கள், பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நகர்வதை உணர முடிந்தது. பின்னாளில் ஸ்டீரியோ எனப்பட்ட ஒலிமுறையின் முதல் பொது அனுபவம் இதுவே எனலாம். இதன் தொடர்ச்சியாக 1890-இல் பாரிஸில் தியேட்டரோஃபோன் என்ற வணிகச் சேவையும், 1895-இல் லண்டனில் எலெக்ட்ரோஃபோன் என்ற சேவையும் தொடங்கின. சந்தா செலுத்தியவர்கள் வீட்டிலிருந்தே நாடகத்தையும் இசையையும் கேட்டனர்.

கடற்படையும் பால்ட்வினும்

இக்கால ஹெட்போனின் உருவத்தைத் தந்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின். பெரிய வழிபாட்டு அரங்கில் பேசப்படும் உரைகள் தெளிவாகக் கேட்காததால், ஒலியைப் பெருக்கும் வழிகளை அவர் ஆராய்ந்து வந்தார். 1910-ஆம் ஆண்டு, தாம் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். இரு கேட்பிகளையும், தலைக்கு மேல் செல்லும் சரிசெய்யக்கூடிய கம்பிப் பட்டையையும் கொண்டிருந்தது அக்கருவி.

அக்காலக் கடற்படைக்கு அது மிக வேண்டியதாக இருந்தது. கம்பியில்லாத் தந்தி அப்போதுதான் கப்பல்களில் பரவி வந்தது. தொலைவிலிருந்து வரும் குறிகள் மிக மெல்லியவை. கப்பலின் இரைச்சலுக்கு நடுவே அவற்றைப் பிரித்துக் கேட்பதில் உயிர்களே அடங்கியிருந்தன. பால்ட்வினின் கேட்பி, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் கேட்கத்தக்க ஒலியாக மாற்றியது. கடற்படை அதைச் சோதித்துப் பார்த்துக் கூடுதலாகக் கேட்டது. ஆனால் பால்ட்வினிடம் தொழிற்சாலை கிடையாது. தம் வீட்டுச் சமையலறையில் சிறு சிறு தொகுதிகளாகவே அவற்றைச் செய்து அனுப்பினார். பின்னர் தொழிற்சாலை அமைத்து, முதல் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் பெரும் செல்வம் ஈட்டினார். 1920-களிலேயே அவரது நிறுவனம் நொடித்துப்போனது. அவர் வகுத்த உருவம் மட்டும் நிலைத்தது: இரண்டு கிண்ணங்கள், நடுவே ஒரு பட்டை.

வானொலி பரவிய காலம்

1920-களில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோது ஹெட்போன் பொதுமக்களின் வீடுகளுக்கு வந்தது. படிக வானொலி எனப்பட்ட எளிய பெட்டிக்கு மின்கலமோ மின் இணைப்போ தேவையில்லை. வான்கம்பியில் கிடைக்கும் மிகச் சிறிய ஆற்றலைக் கொண்டே அது இயங்கியதால், ஒலிபெருக்கியை இயக்க அதனால் முடியாது. ஹெட்போன் மட்டுமே ஒரே வழி. குடும்பத்தில் ஒருவர் மட்டும் கேட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பதால், இரு கேட்பிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டனர். ஹெட்போனை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, அதிலிருந்து எழும் ஒலியைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்களும் உண்டு.

அக்கால ஹெட்போன்கள் மிக மெல்லிய செப்புக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிச் செய்யப்பட்டவை. ஆகவே அவற்றின் இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அவை தரும் தடை, 2,000 ஓம் அளவுக்கு இருந்தது. எந்தக் கருவியோடு இணைக்கப் போகிறோமோ அதற்கேற்பவே ஹெட்போனின் ஓம் அளவு அமைய வேண்டும் என்ற பாடம் இங்கிருந்து தொடங்குகிறது. இன்றைய தேர்விலும் அது முதன்மையான செய்தி.

கம்பிச்சுருள் முறை

தொலைபேசி வழி வந்த கேட்பிகளில் பேச்சு விளங்கும். இசையின் தாழ்ந்த சுருதியும் மிக உயர்ந்த சுருதியும் சரியாக வராது. 1925-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைசும் கெல்லாக்கும் கம்பிச்சுருள் அசையும் ஒலிபெருக்கியின் வடிவமைப்பை வெளியிட்டனர். காந்தப் புலத்தில் தொங்கும் ஒரு சிறு கம்பிச்சுருள், தன்னோடு ஒட்டிய கூம்பை முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புவது அம்முறை. அதே முறையைச் சுருக்கி ஹெட்போனுக்குள் அடக்கியவர் பெர்லினில் நிறுவனம் நடத்திய ஜெர்மானியரான ஓய்கன் பையர். அவரது பையர்டைனமிக் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட டிடி 48, இவ்வகையில் முதல் ஹெட்போன் எனக் கருதப்படுகிறது. பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்த இக்கருவி, இசை கேட்பதைக் காட்டிலும் அளவிடும் பணிகளில் பெயர் பெற்றது. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவிகளோடும் இது பயன்படுத்தப்பட்டது. இன்று விற்பனையில் உள்ள ஹெட்போன்களில் மிகப் பெரும்பாலானவை இதே கம்பிச்சுருள் முறையில்தான் இயங்குகின்றன.

ஸ்டீரியோவும் வீட்டுக் கேட்போரும்

இருபதாண்டுகளுக்குப் பின்னும் ஹெட்போன் பணியிடக் கருவியாகவே இருந்தது. விமானிகள், தொலைபேசிப் பணியாளர்கள், வானொலி வல்லுநர்கள் ஆகியோரே அதை அணிந்தனர். 1950-களின் இறுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தபின் இந்நிலை மாறியது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மருத்துவமனைகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாடகைக்கு விட்டுவந்த ஜான் கோஸ், பொறியாளர் மார்ட்டின் லாங்கேயுடன் சேர்ந்து, எடுத்துச் செல்லக்கூடிய இசைத்தட்டுக் கருவி ஒன்றை 1958-இல் உருவாக்கினார். பிறருக்குத் தொந்தரவின்றித் தனியே கேட்கும் வசதியும் அதில் இருந்தது. அதற்காகச் சிறிய ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஒரு ஸ்டீரியோ ஹெட்போனும் செய்யப்பட்டது. மில்வாக்கியில் நடந்த ஒலிக்கருவிக் கண்காட்சியில் மக்கள் இசைத்தட்டுக் கருவியை விட்டுவிட்டு ஹெட்போனையே சூழ்ந்தனர். எஸ்பி/3 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து, கோஸ் நிறுவனத்தின் முதன்மைத் தொழிலாக மாறியது. 1881-இல் பாரிஸில் சிலர் அனுபவித்த இருகாது ஒலி, இப்போது எந்த வீட்டிலும் கிடைக்கத் தொடங்கியது.

திறந்த அமைப்பின் வருகை

தொடக்ககால ஸ்டீரியோ ஹெட்போன்கள் மூடிய அமைப்பு கொண்டவை. கிண்ணத்தின் பின்புறம் முழுதும் அடைபட்டிருக்கும். வெளி ஓசை உள்ளே வராமலும், உள்ளோசை வெளியே கசியாமலும் இருப்பது இதன் நன்மை. ஆனால் அதிரும் தகட்டின் பின்புறம் எழும் ஒலி கிண்ணத்துக்குள் சிக்கி எதிரொலிக்கும். கனமும் வெப்பமும் கூடுதல்.

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட எச்டி 414, கிண்ணத்தின் பின்புறத்தைத் திறந்துவிட்டது. மடலின் மேல் அமரும் அந்த இலேசான கருவி, மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தையால் உலகெங்கும் அடையாளம் காணப்பட்டது. ஒரு கோடிக்கு மேல் அது விற்றதாக நிறுவனம் கூறுகிறது. பின்புற ஒலி தடையின்றி வெளியேறியதால், இசை தலைக்குள் அடைபட்டது போன்ற உணர்வு குறைந்தது. பின்னர் இதே கொள்கை, காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போன்களுக்கும் வந்தது. 1997-இல் வெளியான சென்ஹைசர் எச்டி 600 அவ்வகையில் இன்றும் அளவுகோலாகப் பேசப்படுகிறது. அதன் கேபிளும் மெத்தையும் கழற்றி மாற்றத்தக்கவை. திறந்த அமைப்புக்கும் குறையுண்டு. அருகில் இருப்பவருக்கு இசை கேட்கும்; மின்விசிறியின் ஓசைகூட இசையில் கலக்கும்.

கம்பிச்சுருளுக்கு மாற்று

உயர்ந்த தரத்தைத் தேடியவர்கள் வேறு இரு வழிகளையும் கண்டனர். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் நிலைமின் முறை ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்னூட்டம் பெற்ற மிக மெல்லிய படலம் ஒன்று, துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே அசைந்து ஒலி எழுப்பும். படலம் மிக இலேசாக இருப்பதால் நுணுக்கமான ஒலிகளும் தெளிவாக வரும். ஆனால் உயர் மின்னழுத்தம் தரும் தனிப் பெருக்கி இதற்குத் தேவை. ஆகவே இது என்றும் செலவு மிகுந்த வழியாகவே உள்ளது. இவ்வழியின் உச்சியில் 1991-இல் சென்ஹைசர் வெளியிட்ட ஆர்ஃபியஸ் நிற்கிறது. பெருக்கியோடு சேர்த்து ஏறத்தாழ 16,000 டாலர் விலையிடப்பட்ட அது 300 தொகுதிகள் அளவிலேயே செய்யப்பட்டது.

மற்றொரு வழி தளக்காந்த முறை. மெல்லிய படலத்தின் மேலேயே மின்கடத்தும் கோடுகளைப் பதித்து, அதைக் காந்தங்களுக்கு இடையே நிறுத்துவது இம்முறை. யமஹா 1976-இல் வெளியிட்ட எச்பி-1 இதன் புகழ்பெற்ற தொடக்ககால எடுத்துக்காட்டு. பின்னர் ஏறத்தாழ மறக்கப்பட்ட இம்முறையை, 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைஃபைமேன், ஆடிஸி போன்ற நிறுவனங்கள் மீட்டெடுத்தன. அதன் பயனாக, ஒருகாலத்தில் செல்வந்தர்களுக்கு மட்டும் எட்டிய இத்தொழில்நுட்பம் இன்று நடுத்தர விலையிலும் கிடைக்கிறது. எடை கூடுதலாக இருப்பது இவ்வகையின் பொதுக்குறை.

வாக்மனும் ஒலிப்பதிவுக் கூடமும்

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் வாக்மனை ஜப்பானில் வெளியிட்டது. அதோடு வந்த ஹெட்போன், அக்காலப் பெரிய ஹெட்போன்களின் எடையில் ஒரு சிறு பகுதியே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து கேட்க அதில் இரு செருகுத் துளைகளும் இருந்தன. இசை தெருவுக்கு வந்தது. பெரிய ஹெட்போனோ வீட்டுக்குள்ளும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் ஒதுங்கியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அது தனக்கான கடினமான வேலையைக் கண்டது. பாடகர் பின்னணி இசையைக் கேட்டபடியே பாடும்போது, ஹெட்போனிலிருந்து கசியும் ஒலி ஒலிவாங்கியில் பதிந்துவிடக் கூடாது. அதற்கு மூடிய அமைப்பு வேண்டும். பதிந்ததைக் கலவை செய்யும் பொறியாளருக்கோ, பிழைகளை மறைக்காமல் காட்டும் நேர்மையான ஒலி வேண்டும். 1980-களில் வந்த பையர்டைனமிக்கின் மூன்று மாதிரிகள் இத்தேவைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. டிடி 770 மூடியது. டிடி 990 திறந்தது. டிடி 880 இரண்டுக்கும் இடைப்பட்டது. 1991-இல் வந்த சோனி எம்டிஆர்-7506, மடக்கத்தக்கதும் மூடியதுமான எளிய கருவி. முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அது விற்பனையில் உள்ளது. அதன் விலை பெரும்பாலும் 100 டாலரை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. தொழில்முறைத் தரத்துக்குப் பெருஞ்செலவு கட்டாயமில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

விமான இரைச்சலும் அமர் போஸும்

இரைச்சலை இரைச்சலாலேயே அழிப்பது பழைய எண்ணம். ஒரு ஒலியலையின் மேடு வரும் இடத்தில் இன்னோர் அலையின் பள்ளத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஜெர்மானியரான பவுல் லூயெக் இக்கொள்கைக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைச் செயலாக்கும் மின்னணுக் கருவிகள் அப்போது இல்லை.

1978-இல் அமர் போஸ் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் சென்றுகொண்டிருந்தார. விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையைக் கேட்க முயன்றவருக்கு என்ஜின் ஓசையே மேலோங்கிக் கேட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியரும், வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகனுமான அவர், அப்பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். 1986-இல் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் ஓட்டிகள், போஸ் நிறுவனத்தின் முன்மாதிரிக் கருவிகளை அணிந்திருந்தனர். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கான முதல் குவயட்கம்ஃபர்ட் 2000-ஆம் ஆண்டு வந்தது. முதல் எண்ணத்துக்கும் கடைக்கும் இடையே 22 ஆண்டுகள்.

இந்த முறை எதற்காகப் பிறந்ததோ அதில்தான் இன்றும் சிறப்பாகச் செயல்படுகிறது. விமானம், பேருந்து, தொடர்வண்டி, குளிரூட்டி ஆகியவற்றின் இடைவிடாத தாழ்ந்த ஓசையை அது நன்கு நீக்கும். பேச்சுக்குரல், பாத்திரம் விழும் ஓசை போன்ற திடீர் ஒலிகளை அந்த அளவுக்கு நீக்காது. அங்கே மெத்தையும் கிண்ணமும் தரும் தடுப்பே பெரும்பங்கு வகிக்கிறது.

மீண்டும் தெருவுக்கு

2008-இல் பீட்ஸ் நிறுவனத்தின் ஸ்டூடியோ ஹெட்போன் வந்தபின், பெரிய ஹெட்போன் இளைஞர்களின் தோற்றத்தில் ஓர் அங்கமாயிற்று. 2014-இல் ஆப்பிள் நிறுவனம் பீட்ஸை 300 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் ஆப்பிள் ஐபோன் 7-இல் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கியது. அதே ஆண்டு சோனி, புளூடூத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் இணைத்த எம்டிஆர்-1000எக்ஸ் ஹெட்போனை வெளியிட்டது. பிற கைப்பேசி நிறுவனங்களும் துளையைக் கைவிடத் தொடங்கியதோடு, கம்பியில்லா ஹெட்போன் பொதுவழக்கமாயிற்று.

இம்மாற்றம் ஒரு விலையோடு வந்தது. கம்பியுள்ள ஹெட்போனுக்குள் கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை. கம்பியில்லாததற்குள் மின்கலம், புளூடூத் சில்லு, பெருக்கி எல்லாம் உண்டு. மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதை மாற்ற வழியில்லாவிட்டால், ஒலிக்கும் பகுதி நன்றாக இருந்தும் கருவி பயனற்றுப் போகும்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு

அதிக விலை நல்ல ஒலியைத் தருமா என்பதே வாங்குவோர் அனைவரும் கேட்கும் கேள்வி. ஒலியியல் ஆய்வாளர் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து, 2017-இல் முடிவை வெளியிட்டார். வெவ்வேறு அதிர்வெண்களில் ஒரு ஹெட்போன் எவ்வளவு ஒலி தருகிறது என்ற அளவுக்கும் அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அம்முடிவு.

மக்கள் எத்தகைய ஒலியை விரும்புகின்றனர் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஓலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 முதல் ஆராய்ந்தனர். நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியின் ஒலிக்கு நெருக்கமாக ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினர். அந்த விருப்பத்தைக் காட்டும் வரைகோடு ஹார்மன் வளைகோடு எனப்படுகிறது. இன்று பல நிறுவனங்கள் அதைக் கவனத்தில் கொண்டே ஹெட்போனை வடிவமைக்கின்றன.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குச் செல்கிறது? உறுதியான கட்டமைப்பு, வசதியான மெத்தை, மாற்றத்தக்க உதிரிப் பாகங்கள், இரைச்சல் நீக்கும் திறன், குறைந்த எண்ணிக்கையில் செய்யும் செலவு, வணிகப் பெயர் ஆகியவற்றுக்கு. இவற்றில் சில வாங்குபவருக்குப் பயன்படும், சில பயன்படா. எது பயன்படும் என்பதைத் தேவையே சொல்கிறது.

தேவைக்கேற்ற தேர்வு

அமைதியான அறையில் தனியே இசை கேட்பவர்: எச்டி 414 தொடங்கிவைத்த திறந்த அமைப்பு இவருக்கு ஏற்றது. ஒலி விரிந்து கேட்கும். காற்றோட்டம் இருப்பதால் நீண்ட நேரம் அணியலாம். அதே அறையில் வேறொருவர் படிக்கவோ உறங்கவோ செய்தால் இது பொருந்தாது.

பலர் வாழும் வீட்டிலோ விடுதியிலோ படிப்பவர்: கம்பியுள்ள மூடிய ஹெட்போன் போதும். உள்ளோசை வெளியேறாது, வெளியோசையும் ஓரளவு குறையும். இணையவழி வகுப்புக்கு ஒலிவாங்கி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்பவர்: இரைச்சல் நீக்கத்துக்குக் கொடுக்கும் பணம் இவருக்கு வீணாகாது. வீட்டிலேயே இருப்பவர் அதே பணத்தைக் கம்பியுள்ள நல்ல ஹெட்போனுக்குச் செலவிடுவது மேல்.

பாடல் பதிவு, குரல் பதிவு, ஒலித்தொகுப்பு பயில்பவர்: பதிவுக்கு மூடியது, கலவைக்கு இயன்றால் திறந்தது என்பது கூடங்களின் வழக்கம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடிய கூட வகை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் இப்பணிக்குக் கம்பியே ஏற்றது. வேகமான கணினி விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

எல்லோரும் பார்க்க வேண்டிய மூன்று செய்திகள் உண்டு. முதலாவது ஓம் அளவு. 16 முதல் 80 ஓம் வரையுள்ளவை பெரும்பாலும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் போதிய ஒலி தரும். 250, 300, 600 ஓம் கொண்டவற்றுக்குத் தனிப் பெருக்கி தேவைப்படலாம். ஒரே மாதிரி பல ஓம் அளவுகளில் விற்பதும் உண்டு. டிடி 770 புரோ 32, 80, 250 ஓம்களில் கிடைக்கிறது. மாதிரியின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், பெருக்கி இல்லாதவர் 250 ஓம் வகையை வாங்கிவிட்டு ஒலி போதவில்லை என வருந்த நேரிடும்.

இரண்டாவது பொருத்தம். மெத்தைக்கும் தலைக்கும் இடையே இடைவெளி இருந்தால், மூடிய ஹெட்போனில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கசிந்து மறையும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே அணிந்து பார்க்க வேண்டும். புழுக்கம் மிகுந்த ஊர்களில் செயற்கைத் தோல் மெத்தை வியர்வையால் விரைவில் உரியும். துணி மெத்தை சற்றுத் தாங்கும், ஆனால் வெளியோசையைக் குறைவாகவே தடுக்கும்.

மூன்றாவது உதிரிப் பாகம். மெத்தையும் கேபிளும் தனியே கிடைக்கும் ஹெட்போன், தொடக்கத்தில் சற்று விலை கூடினாலும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுதோறும் மலிவான ஒன்றை வாங்கி எறிவதைவிட அது சிக்கனமானது.

குறைந்த வரவுசெலவில் வாங்குபவர், ஒரே விலைக்குள் எல்லா வசதிகளையும் தேடாமல் இருப்பது நல்லது. சிறிய தொகைக்குள் புளூடூத், இரைச்சல் நீக்கம், ஒலிவாங்கி, மின்கலம் அனைத்தையும் அடக்கிய கருவியில், ஒலிக்கும் பகுதிக்கு எஞ்சும் பங்கு சிறிது. அதே தொகையில் கம்பியுள்ள ஹெட்போன் வாங்கினால் முழுப்பணமும் ஒலிக்கும் அமைப்புக்கும் செல்கிறது. கைப்பேசியில் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி இணைப்பான் கொண்டு இணைக்கலாம். நடுத்தர வரவுசெலவில் தேவையைப் பொறுத்து இரைச்சல் நீக்கமோ திறந்த அமைப்போ எட்டும். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் ஒலி முன்னேற்றம் குறைந்துகொண்டே போகும்.

கேட்கும் திறனைக் காத்தல்

எவ்வளவு நல்ல ஹெட்போனும் இழந்த கேட்கும் திறனைத் திருப்பித் தராது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. இளைஞர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர், பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் இத்தகைய இழப்புக்கு உள்ளாகும் நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்கு உயர்த்தினால் பாதுகாப்பான நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்கிவிடும். சிறுவர்களுக்கு அளவு 75 டெசிபல்.

ஹெட்போன் தேர்வும் இதோடு தொடர்புடையது. பேருந்தில் திறந்த ஹெட்போன் அணிபவர், வெளி இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். மூடியதையோ இரைச்சல் நீக்குவதையோ அணிபவர் குறைந்த ஒலியிலேயே பாடலைத் தெளிவாகக் கேட்பார். ஆனால் சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் வெளியோசை கேட்காமல் இருப்பது ஆபத்து. அவ்வேளைகளில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

கில்லிலண்ட் கைகளை விடுவிக்க முயன்றார். பால்ட்வின் மெல்லிய குறியைக் கேட்கச் செய்தார். கோஸ் தனிமையில் இசை தந்தார். போஸ் என்ஜினை அடக்க முனைந்தார். இவர்கள் ஒவ்வொருவரும் தொடங்கியது எங்கே, எதை, யாருக்கு நடுவே கேட்கப் போகிறோம் என்ற கேள்வியிலிருந்துதான். கடைக்குச் செல்பவரும் அதே கேள்வியிலிருந்து தொடங்கினால், விலைச்சீட்டைப் பார்க்கும் முன்பே தேர்வில் பாதி முடிந்துவிடும்.